ஸோரா வீட்டு எலுமிச்சை

தாபோடி, பூனா
21 ஜனவரி 1979

அன்புள்ள வால்டர்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் என் மேஜையில் வைத்திருந்தார். அம்மா மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறாள் போல, ஓரத்தில் மஞ்சள் விரல் தடம் இருந்தது.

துறைமுகத்தில் கிரேன்கள் நலம், நீங்களும் நலம் என்று அறிந்து சந்தோஷம். ஆனால் ஒரு ஏரோகிராமில் முக்கால் பக்கத்துக்குக் கோழியைப் பற்றி ஒருவரால் எழுத முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு விமானம் ஏறினீர்கள். இத்தனை மாதங்களில் கடலைப் பற்றி ஒரு வரி, மழையைப் பற்றி ஒரு வரி, என்னைப் பற்றி ஒன்றரை வரி. மீதி முழுவதும் உங்கள் வீட்டுக்காரப் பெண்மணி ஸோரா வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுப் போடுகிற கோழி. அது மஞ்சளாக இருக்கிறது, புளிக்கிறது, எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுகிறது. நல்லது.

எங்கள் நூலகத்தில் பெரிய அட்லஸ் ஒன்று இருக்கிறது. அதில் காஸாபிளாங்காவின் மேல் ஒரு விரலையும் பூனாவின் மேல் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தேன். கை முழுவதும் விரிந்துவிட்டது. அட்டெண்டர் மாடசாமி, "என்னம்மா, ஜோசியமா?" என்றார்.

அந்தக் கோழியை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு இந்த மாதிரி வெளிநாட்டுச் சமையல் தெரிந்துகொள்வதில் ஆசை. அவசரம் இல்லை. ஒப்பந்தம் முடிந்து மே மாதம் வரத்தானே போகிறீர்கள், அப்போது சொன்னாலும் சரி. ஆனால் எழுதினால் நல்லது.

உங்கள் அம்மா போன ஞாயிறு பூசைக்கு வந்திருந்தார்கள். மூட்டு வலி பரவாயில்லை.

அன்புடன்,
டோரீன்


காஸாபிளாங்கா
6 பிப்ரவரி 1979

டோரீன்,

உன் கடுதாசி கிடைச்சுது. உங்க அம்மாவுக்கு வெளிநாட்டுச் சமையல்ல ஆசையா! கேரட் அல்வாவையே இந்திக்காரன் பண்டம்னு தள்ளி வைக்கிறவங்க. சரி, கேட்டுட்டே, எழுதறேன். என் தமிழ் ஞானோபதேச வகுப்பில கத்துக்கிட்ட தமிழ். சிவப்பு மையில திருத்தி அனுப்பிடாதே.

அப்புறம், நிச்சயம் ஆனதிலேர்ந்து நீ 'நீங்க' போட்டு எழுதறது படிக்கச் சிரிப்பா இருக்கு. குழாயடியில என்னைக் குடத்தால அடிச்சவ நீ.

கோழியைத் தோலோட வாங்கணும். இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு, சீரகம், துளி பட்டை, உப்பு, ஆலிவ் எண்ணெய், எல்லாம் பூசி ஊற வைக்கணும். வெங்காயத்தை நறுக்கக் கூடாது, துருவணும். அதுல பாதி கரைஞ்சு குழம்பாயிடும். குங்குமப்பூ நாலு இழை வெந்நீர்ல. தேங்காய் கிடையாது, புளி கிடையாது, மிளகாய் கிடையவே கிடையாது. இதையெல்லாம் குல்லா போட்ட மாதிரி மூடி இருக்கிற ஒரு மண்சட்டியில வெச்சு, சின்னத் தீயில விட்டுடணும். அந்தச் சட்டிக்கு தஜீன்னு பேர், குழம்புக்கும் அதே பேர். கடைசியில கொத்தமல்லி, ஆலிவ் காய், உப்பு எலுமிச்சைத் தோல்.

ஸோரா எதையும் அளந்து போடறதில்ல. நான் பக்கத்துலயே நின்னு பாத்து எழுதினது இது. நடுவுல மூடியைத் தூக்கிப் பாத்தேன். கையில பட்டுனு ஒண்ணு வெச்சா. ஆவி போனா ருசி போயிடுமாம். அவ பாஷை எனக்குப் பாதிதான் புரியும். அந்த அடி முழுசாப் புரிஞ்சுது.

உப்பு எலுமிச்சைதான் இதுல முக்கியம். பழத்தை நாலாப் பிளக்கணும், அடி ஒட்டியிருக்கணும். உள்ளே கல்லுப்பு அடைச்சு ஜாடியில அமுக்கி வெச்சா ஒரு மாசத்துல ஆயிடும். ஆனா நாள் ஆக ஆகத்தான் ருசியாம். போன ஞாயித்துக்கிழமை நாங்க ஒரு பெரிய ஜாடி போட்டோம். ஸ்பேனர் கிழிச்ச கையில உப்பு பட்டு நான் குதிச்ச குதியில அவ மாமியார்க் கிழவிக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துடுச்சு. இதை டிசம்பர்லதான் திறக்கப் போறோம். அதுவரைக்கும் பழைய ஜாடி இருக்கு.

வேற விசேஷம் இல்லை. குளிர் குறையுது.

வால்டர்


தாபோடி
25 பிப்ரவரி 1979

அன்புள்ள வால்டர்,

செய்முறைக்கு நன்றி. மிகவும் விவரமாக இருக்கிறது. இரண்டு மூன்று சந்தேகங்கள்.

வெங்காயத்தைத் துருவுவது ஸோராவா, நீங்களா? பக்கத்திலேயே நின்று பார்க்கும் அளவுக்கு அந்த வீட்டுச் சமையலறை பெரியதா? மூடியைத் தூக்கியபோது அவர் தட்டியது எந்தக் கையில்? மோதிரம் போட்ட கையாக இருந்தால் அவருக்கும் வலித்திருக்கும், அதற்காகக் கேட்டேன். இந்தச் சமையலை அவர் யாரிடம் கற்றுக்கொண்டார், எந்த வயதில், இப்போது அதற்கு எத்தனை வருஷம் ஆகிறது?

மாமியார் இருக்கிறார் என்கிறீர்கள். மாமியாரின் மகன் எங்கே?

சிவாஜிநகர் சந்தையில் எலுமிச்சை வாங்கி வந்து நேற்று ஜாடியில் போட்டேன். நம் ஊர்ப் பழம் சிறியது, தோல் மெல்லியது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, மிளகாய்ப் பொடி போடாம ஊறுகாயா? யாருக்குப் பேதி?" என்றாள். வால்டர் கேட்டார் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

புதன்கிழமை, இறைச்சி தொடாத தவசு காலம் தொடங்குகிறது. ஆகவே கோழி ஈஸ்டருக்குத்தான். நீங்கள் வெள்ளிக்கிழமையும் கோழி தின்கிறீர்கள் என்ற விஷயம் உங்கள் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, என் அம்மா சொன்னாள். அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கெழம கோழி திங்கானா எம் மவன்? மீன் இல்லாத ஊரா அது? கடலுக்குள்ளதான கெடக்கு!" என்று கேட்டார்கள். ஒரு பெண் வீட்டில் தின்கிறான் என்பது அவர்கள் காதில் விழவே இல்லை.

அப்பா ஃபாதரைப் பார்த்துவிட்டார். ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு முதல் கோயிலில் நம் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்றாராம். நீங்கள் வரும் தேதியை எழுதுங்கள்.

டோரீன்


காஸாபிளாங்கா
12 மார்ச் 1979

டோரீன்,

நீ நூலகத்துல இருக்கியா, போலீஸ் சௌக்கியிலயா? மாமியாரோட மகன் நாலு வருஷம் முன்னால கப்பல் வேலையில செத்துட்டான். ஸோரா தையல் வேலை பண்றா. வயசு முப்பத்திரண்டோ மூணோ. நல்ல மனுஷி, நிறையச் சிரிப்பா. அவ மோதிரம் போடறதில்ல. போதுமா?

வெங்காயம் துருவினது நான்தான்.

ஒரு போட்டோ வெச்சிருக்கேன். பக்கத்து ரூம் பையன் எடுத்தான். நடுவுல இருக்கிறதுதான் அந்தச் சட்டி. பாத்துக்கோ, உனக்காகத்தான் மூடியோட எடுக்கச் சொன்னேன்.

தேதி பத்தி அப்புறம் எழுதறேன். வேலை ஜாஸ்தி. அம்மாகிட்ட நான் மீனும் தின்கிறேன்னு சொல்லு.

வால்டர்


தாபோடி
28 மார்ச் 1979

வால்டர்,

போட்டோ வந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று எழுதுவதுதான் சரி.

அழகான சட்டி. அவள் மூடியின் மேல் கை வைத்திருக்கிறாள். அழகான கை என்று சொல்ல முடியாது, ஊசி குத்திய கை. அது அழகாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கவனித்தீர்களா? விருந்தாளியை எந்த வீட்டிலும் வாசலைப் பார்த்து, நல்ல நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எங்கள் வீட்டில் நீங்கள் அங்கேதான் உட்காருவீர்கள், முதுகை வளைக்காமல், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இந்தப் படத்தில் நீங்கள் சுவரோரமாக, அடுப்புப் பக்கம், கிழவிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் இருக்கிறீர்கள். சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறீர்கள். அது வீட்டு ஆள் உட்காரும் இடம்.

உங்களுக்குக் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. என் அம்மா இதைப் பார்த்து, "பரவாயில்லையே, யாரோ நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றாள். அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் போட்டோவை அகராதிக்குள் வைத்துவிட்டேன். எந்தப் பக்கத்தில் என்று கேட்காதீர்கள்.

தேதி?

டோரீன்


தாபோடி
16 ஏப்ரல் 1979

வால்டர்,

என் மார்ச் கடிதத்துக்குப் பதில் இல்லை.

நேற்று ஈஸ்டர். ஸோராவின் கோழியைச் செய்தேன். நீங்கள் எழுதியதிலிருந்து ஒன்றையும் மாற்றவில்லை, என்னால் முடிந்தவரை. கட்கி பஜாரில் கோழியைத் தோலோடு கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டிக்கு அம்மாவின் மீன் சட்டியைக் கழுவிக் கழுவி எடுத்துக்கொண்டேன், அதன் மேல் கவிழ்க்க வேறொரு சட்டி. ஆலிவ் எண்ணெயை ஈரானியின் கடையில் மருந்து சீசா அளவில்தான் கொடுத்தார்கள். ஆலிவ் காய்க்கு எங்கே போவேன்? மலைப் பக்கத்திலிருந்து பெண்கள் இலைத் தொன்னையில் களாக்காய் கொண்டுவந்து விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். பச்சையாக வாங்கி உப்பு நீரில் போட்டு வைத்திருந்தேன்.

வெங்காயத்தை நானே துருவினேன். பொறாமைக்காரிக்கு அழுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. ஆமாம், பொறாமைதான். ஒரு மனிதன் இத்தனை நுணுக்கமாக ஒரு குழம்பை எழுத வேண்டுமென்றால், அதைச் செய்கிற கையை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் கணக்குப் போட்டேன். அவள் சமைப்பதை அவள் சமைப்பது போலவே சமைத்து, அது ஒன்றுமில்லாத பண்டம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

மூடியை நான் திறக்கவில்லை. என் கையில் தட்ட ஆள் இல்லை, ஆனாலும் திறக்கவில்லை.

மூடியை எடுத்தபோது வந்த வாசனைக்கு அப்பா செய்தித்தாளோடு எழுந்து வந்துவிட்டார். வால்டர், அது ஒன்றுமில்லாத பண்டம் இல்லை. அத்தை சந்தேகத்தோடு ஒரு விள்ளல் எடுத்தார்கள். பிறகு இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு. எலுமிச்சைத் தோலைத் தனியாக எடுத்துச் சப்பினார்கள். கடைசியில், "ஏட்டி டோரீன், நல்லாத்தான் இருக்கு. வாராவாரம் இதத் தின்னுட்டு அவன் எங்கிட்டு வரப் போறான்?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து அம்மா என் ஜாடியை மூடி அலமாரியில் வைத்தாள். "மிச்சத்தை இனி தொடாதே. மே மாசம் அவன் வந்ததும் திறக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜாடியை எடுத்து வைப்பவர்கள், அதைத் திறக்கும்போது தாங்கள் அங்கே இருப்போம் என்று நினைத்துத்தான் எடுத்து வைப்பார்கள். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "இதை டிசம்பர்லதான் திறக்கப் போறோம்." எத்தனை தடவை படித்திருப்பேன் அந்தக் கடிதத்தை! ஒவ்வொரு தடவையும் என் கண் அவள் தட்டிய கையிலேயே நின்றுவிட்டது. அதற்கு அடுத்த பத்தியை நான் படிக்கவே இல்லை.

மே மாதம் திரும்பி வருகிறவர் டிசம்பரில் எந்த ஜாடியைத் திறக்கப் போகிறார்?

வருகிற ஞாயிறு முதல் ஓலை. மூன்று ஞாயிறு நம் பெயர்களைக் கோயிலில் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பார். தெரிந்தவள் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு ஓலையாவது வாசித்து முடித்திருப்பார்கள். ஆகவே நாளைக் காலை தந்தியும் கொடுக்கிறேன்.

டோரீன்


தந்தி
பூனா, 17 ஏப்ரல் 1979

மே மாதம் வருகிறீர்களா. ஆம் அல்லது இல்லை மட்டும். டோரீன்


தந்தி
காஸாபிளாங்கா, 19 ஏப்ரல் 1979

விவரம் கடிதத்தில். வால்டர்


காஸாபிளாங்கா
2 மே 1979

டோரீன்,

ரெண்டு கடுதாசி எழுதிக் கிழிச்சுட்டேன். இது மூணாவது. நேத்து உன் ஈஸ்டர் கடுதாசி வந்துடுச்சு. இனிமே சுத்தி வளைக்க இடமில்ல.

ஜனவரியிலயே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ஒரு வருஷம். ஃபோர்மேன் வேலை, கம்பெனியே தனி வீடு தரும். துரை கூப்பிட்டுக் கேட்டான், சரின்னுட்டேன். உன்கிட்ட கேக்கணும்னு அப்ப தோணல. தோணினப்ப மை காஞ்சுபோச்சு. ஒவ்வொரு கடுதாசியிலயும் இதை எழுதத்தான் உக்காருவேன். எழுத ஆரம்பிச்சா கோழி வந்துடும்.

ஸோராவைப் பத்தி நீ நேராக் கேக்கல, சுத்திச் சுத்திக் கேட்டே. நான் நேராச் சொல்றேன். எதுவும் நடக்கல. எங்க அம்மா மேல ஆணை. ஆனா வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு காத்திருக்கேன், அது நிஜம். அது அவளுக்காகவா, அந்த மேஜைக்காகவான்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. இங்க ரூம்ல தனியா ரொட்டி தின்னு பாரு, உனக்குப் புரியும். நீ அந்த நாற்காலி விஷயம் எழுதினியே, அதைப் படிச்சுட்டு ரெண்டு வாரம் அங்க போகல. அதான் உனக்குப் பதிலும் எழுத முடியல.

நேத்து போனேன். உன் கடுதாசியில கோழி பண்ணின பகுதியை மட்டும் எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னேன். களாக்காய்க்குக் கை தட்டினா. மீன் சட்டிக்குத் தலையில அடிச்சுக்கிட்டா. அப்புறம், இவ்வளவு தெரிஞ்ச பொண்ணு அங்க என்ன பண்றா, இங்க ஏன் இல்லைன்னு கேட்டா.

ஓலையை நிறுத்தச் சொல்லு. அடுத்த மே கண்டிப்பா வந்துடுவேன். ஒரு வருஷம்தான், டோரீன். பொறுத்துக்கோ.

வால்டர்


தாபோடி
20 மே 1979

வால்டர்,

ஓலையை உன் கடிதம் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். 'விவரம் கடிதத்தில்' என்ற தந்தியைப் படிக்க எனக்கு விவரம் தேவைப்படவில்லை. அப்பாவை அனுப்பவில்லை, நானே போய் ஃபாதரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பையன் பக்கத்திலா, பெண் பக்கத்திலா?" என்று கேட்டார். "தேதிப் பக்கத்தில்" என்றேன். பேரேட்டில் பெயர்களை அடிக்க வேண்டாம், தேதியை மட்டும் அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே செய்தார்.

அத்தை இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்குச் சட்டியோடு வந்து வாசலில் நின்று, "அந்த எலுமிச்சங்கா ரெண்டு குடுட்டி" என்றார்கள். ஜாடியில் பாதி அவர்கள் வீட்டில்தான் தீர்ந்தது. போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

உன் கடிதத்தை ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது படித்தேன். ஒரு வண்டியை விட்டுவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதை நம்புகிறேன். உனக்குப் பொய் எழுத வராது. எழுதாமல் இருக்கத்தான் வரும்.

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எனக்கே சொல்லிக்கொள்ள இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. ஸோராவின் மேல் எனக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த ஊசி குத்திய கை சில நாள் என் தூக்கத்தில் வருகிறது. ஆனால் அதைவிடப் பெரிய பொறாமை உன்மேல். பத்து வயதிலிருந்து அட்லஸ் புரட்டியவள் நான். பயணம் போனவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு நூலகத்தில் அட்டை போடுகிறவள் நான். நீ ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவன் இல்லை. ஆனால் கடல் தாண்டி, பாஷை பாதி தெரியாத ஒரு வீட்டின் அடுப்பங்கரைக்குள் போய், மூடியைத் தூக்கி அடி வாங்கியவன் நீ. நான் தாபோடியிலிருந்து சிவாஜிநகருக்குப் போய் வருகிறேன். அந்த மேஜையில் அவளுடைய இடம் எனக்கு வேண்டியிருக்கவில்லை, வால்டர். உன்னுடைய இடம் வேண்டியிருந்தது.

அடுத்த மே என்று எழுதியிருக்கிறாய். பொறுத்துக்கோ என்றும். கம்பெனி தனி வீடு தரும் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டையும் அடுத்தடுத்து எழுதியும் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவள் இங்கே ஏன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். அதை அவள் கேட்டாள் என்பதற்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம்.

ஆகவே நான் சொல்வது இது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் பம்பாய்க்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு உனக்கு எழுதுகிறேன், உன் வழக்கப்படி. நீ லீவு எடுத்துக்கொண்டு ஆகஸ்டுக்குள் வர வேண்டும். ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு போதும். பிறகு இரண்டு பேராகத் திரும்பிப் போகலாம். வர முடியாது என்றால் அதையும் எழுது, கோழியைப் பற்றி எழுதாமல். அன்றே ஃபாதரிடம் போய்ப் பெயர்களையும் அடித்துவிடச் சொல்கிறேன். அடுத்த மே வரை நான் காத்திருக்கப் போவதில்லை. உப்பில் போட்டு வைத்தால் ருசி கூடுவதற்கு நான் எலுமிச்சை இல்லை.

நேற்று அந்தக் கோழியை மறுபடியும் செய்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்காகச் செய்தேன். இந்தத் தடவை நான்கு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டேன். உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் நினைத்துக்கொண்டே அடுப்பருகில் நின்றேன், நடுவில் மூடியைத் தூக்கி நன்றாகப் பார்த்தேன். ஆவி போயிற்று. ருசி போகவில்லை. இதையும் உன் ஸோராவுக்குச் சொல்லலாம்.

டிசம்பரில் அந்தப் பெரிய ஜாடியை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திறக்கப் போவதில்லை. நான் வந்தால், அதன் மூடியை எடுக்கப் போவது நான். அவள் என் கையில் தட்டட்டும், பார்க்கலாம்.

டோரீன்